காய்ச்சலை விடாமல் துரத்தியவர்களுக்கு

வீரவநல்லூரிலும் பாளையங்கோட்டையிலும் எங்களுக்குத் துணை நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

வீட்டுக்காரர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். போனில் கேட்டவர்களிடம் "இப்ப நல்லா இருக்காக" என்று ஒரு வரியில் சொல்லி வைத்துவிட்டேன். உங்களில் யார் என்ன செய்தீர்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு இருப்பது பரம்பரையாக வரும் நீர்க்கட்டி கிட்னி நோய், பி.கே.டி. என்பார்கள். மாமாவுக்கும் இதுதான் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் "கிட்னி கெட்டுப்போச்சு" என்பதோடு சரி. வீட்டுக்காரருக்குக் கையில் பிஸ்டுலா போட்டிருக்கிறது, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது. அது ஊசி தாங்கும் அளவுக்குத் தேற ஆறு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை கழுத்து ரத்தக்குழாயில் விட்ட குழாய் வழியாகத்தான், கழுத்து லைன் என்பார்கள், டயாலிசிஸ் நடந்தது. அந்தக் குழாய் இதயத்துப் பக்கம் வரை போவது. கிருமி உள்ளே இறங்கினால் நேரே ரத்தத்தில்தான் கலக்கும்.

முதல் நன்றி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், குளிர்ஜுரம் வந்த அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு. மெஷினில் ஏற்றிக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிறது. குளிர்ஜுரத்துக்கு ஊசி போட்டு "வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிய இடத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம், பெயர் வேண்டாம். இந்த சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றும் முன்னால் லைனிலிருந்து ஒரு ரத்தம், கையில் குத்தி ஒரு ரத்தம் எடுத்துத் தனித்தனி பாட்டிலில் நேரம் எழுதி, என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார். மருந்து ஏறிவிட்டால் கிருமி பிடிபடாமல் போகலாம். லைன் ரத்தத்தில் ரெண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் குற்றவாளி லைன்தான் என்று சொல்லலாமாம். அந்த அவசரத்திலும் இதை அவர் மறக்கவில்லை.

அடுத்து லேப்காரர்களுக்கு. ரெண்டு பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஈ.கோலை என்கிற கிருமி வளர்ந்திருக்கிறது என்று வார்டுக்கே சொல்லி அனுப்பினார்கள். லைனில் வழக்கமாக ஏறுவது தோலில் இருக்கிற கிருமி. இது குடலில் வாழ்கிற கிருமி. டாக்டருக்குச் சந்தேகம் லைனை விட்டு வேறு பக்கம் திரும்பியது அங்கேதான். லைனையும் விட்டுவைக்காமல் எடுத்து, மறுபக்கம் புதிதாகப் போட்டார்கள். அப்படியும் ராத்திரியானால் காய்ச்சல் ஏறியது.

பி.ஜி. படிக்கிற அந்தச் சின்ன டாக்டரை நான் மறக்க மாட்டேன். "எங்க வலிக்குது, ஒத்த விரலை வச்சுக் காட்டுங்க" என்றார். இவர் வலது விலாவுக்குக் கீழே ஒரே இடத்தைத் தொட்டார். கிட்னியில் இருக்கிற நீர்க்கட்டிக்குள்ளேயே கிருமி போய் உட்காரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். இவருக்கு மூத்திரம் போவதே சொட்டுச் சொட்டுதான். போகிற மூத்திரம் சுத்தமாக இருந்தாலும் கட்டிக்குள் சீழ் இருக்கலாமாம், கட்டி மூத்திரப் பாதையோடு சேராமல் தனியாக மூடிக் கிடப்பதால்.

ஆனால் எண்ண முடியாத கட்டிகளில் எது? இங்கேதான் பெரிய மதினிக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய ஸ்கேன் படங்களையெல்லாம் கட்டைப்பையில் போட்டு பீரோ மேலே வைத்திருந்தார்கள். "எதுக்கு இந்தக் குப்பை" என்று நாங்கள் எல்லாரும் கேலி பண்ணிய பை. அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் லைட்டில் ஒட்டி வைத்துப் பார்த்த ஸ்கேன் டாக்டர், சுவர் தடித்துப் போயிருந்த ஒரு கட்டியை விரலால் வட்டமிட்டார். மறுநாள் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு அதை வடித்தார்கள். வந்தது புளித்த மோர் மாதிரி இருந்தது. அதிலும் அதே கிருமி.

அதுவரை ஏற்றிய ஊசி மருந்து கட்டிச் சுவரைத் தாண்டிச் சரியாக உள்ளே போகாதாம். சிப்ரோபிளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் போகும். நல்லவேளை, இந்தக் கிருமி அதற்குக் கட்டுப்பட்டது. கட்டுப்படாத கிருமி இப்போது நிறைய இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். வாரக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை. மருந்து கொடுக்கும் அக்கா, இவர் சாப்பாட்டோடு போடுகிற கால்சியம் மாத்திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேத்துப் போட்டா இது உடம்புல ஏறாது" என்று சொல்லி, கவரின் மேலேயே காலை, ராத்திரி நேரத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அந்தக் கவர் இன்னும் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

மற்றவர்களுக்கு ஒவ்வொரு வரிதான், கோபிக்காதீர்கள். காப்பீட்டு அட்டை வேலையை முடித்துக் கொடுத்த தம்பிக்கு, கேட்காமலே பணம் கொண்டுவந்த கொழுந்தனாருக்கு, பின்னத்தி வீட்டு அக்காவின் கஞ்சித் தூக்குக்கு, எந்நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணாச்சிக்கு. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முங்கியே தீருவேன் என்று நின்றவரை, கழுத்து லைன் நனையக் கூடாது என்று காலை மட்டும் நனைக்க வைத்துக் கூட்டிவந்த அவருடைய கூட்டாளிகளுக்குத் தனி நன்றி. என் பேச்சு அவரிடம் எடுபடாது.

இன்னொருவர் உண்டு. "குடும்பச் சாபம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு பெரியம்மா ஆரம்பித்தபோது, காலேஜ் படிக்கும் என் மகளைத் தனியே உட்கார வைத்து டாக்டர் பேசினார். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு; இப்போதைக்கு பிரஷரைப் பார்த்துக்கொள், ஸ்கேன் எடுப்பது உன் முடிவு என்றார். அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிஸ்டுலாவில் இப்போது ஊசி ஏறுகிறது, லைனை எடுத்துவிட்டார்கள். அவரைப் பார்க்க வர நினைப்பவர்கள் டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து போனிலேயே பேசுங்கள். வாசலில் சோப்பு வைத்திருக்கிறேன், கை கழுவிவிட்டு வாருங்கள். ஆரஞ்சு, வாழைப்பழம் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், இவருக்கு ஆகாது. தூக்குச்சட்டிகள் நாலைந்து எங்கள் வீட்டில் கிடக்கின்றன, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.