எஃப்.ஐ.ஆர். போடுங்க, அப்புறம் விசாரிங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊரு காரைக்குடிக்குப் பக்கத்துல, இப்ப மகன் வீட்டோட சென்னையில இருக்கேன், வயசு 58. உங்க பேப்பரை ரொம்ப வருஷமா படிக்கிறேன், இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. நம்ம பக்கம் கேமரா வைக்கிறது, புதுச் சட்டம், செல்போன் ஆப், ரோந்து வண்டின்னு போலீஸ் செய்தி நிறைய வருது, அதையெல்லாம் படிக்கும்போது ஒண்ணு சொல்லணும்னு மனசுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுதறேன்.

எங்க வீடு செட்டிநாட்டுல எல்லா பெரிய வீடு மாதிரிதான், முன் வாசல் ஒரு தெருவுல, பின் வாசல் அடுத்த தெருவுல. இப்ப அதுக்கு பதினோரு பங்கு, ஒருத்தர் மலேசியா, ரெண்டு பேர் பெங்களூரு, மத்தவங்க சென்னை, கோயம்புத்தூர். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடறது), கோயில் திருவிழான்னா கூடுவோம், மத்த நாள் பூட்டுதான். நாப்பது வருஷமா ஒரு பெரியவர்தான் வீட்டைப் பாத்துக்கறார், பகல்ல கூட்டித் தெளிச்சு, ராத்திரி முகப்புல படுத்துக்குவார். அவரை நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன், அவரும் எங்க மாமியார் காலத்துல இருந்து எங்க எல்லாரையும் ஆச்சின்னுதான் சொல்லுவார்.

போன வருஷம் படைப்புக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, பின் கட்டுல ரெண்டு ரூமை உடைச்சிருக்காங்க. பின் தெரு கதவோட பூட்டை அறுத்து, சத்தமில்லாம உள்ள வந்து, வெள்ளிச் சாமான், பெரிய குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளை அண்டா, எனாமல் அடுக்கு, ஒரு தஞ்சாவூர் படம்னு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எப்ப நடந்துச்சுன்னே தெரியல, ஒரு மாசமா, மூணு மாசமான்னு சொல்ல முடியல. முகப்புல படுத்திருக்கிறவருக்குப் பின் கட்டுல நடக்கறது கேக்காது, அவ்வளவு நீள வீடு, இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

ஸ்டேசனுக்குப் போனோம். எந்த ஸ்டேசன்னு எழுத விரும்பல. அங்க இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார், நாற்காலி போட்டு உக்கார வச்சு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தார், ஆனா எஃப்.ஐ.ஆர்., அதான் முதல் தகவல் அறிக்கை, அது மட்டும் போட மாட்டேன்னுட்டார். "எதுக்கு ஆச்சி எஃப்.ஐ.ஆர்., நீங்க சென்னையில இருந்து கோர்ட்டுக்கு அலையணும், இப்ப சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன், பொருள் கெடைச்சா பாத்துக்கலாம்"னார். நானும் முதல்ல சரின்னுதான் தலையாட்டினேன். சி.எஸ்.ஆர். ரசீதும் அரசாங்கக் காகிதம்தானேன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து என் தம்பி மகன்கிட்ட சொன்னேன், அவன் மதுரையில வக்கீல், கேட்டவுடனே கோபமாயிட்டான். அத்தை, சி.எஸ்.ஆர்.ங்கிறது நீங்க வந்து மனு குடுத்தீங்கன்றதுக்கு ரசீது, அதை வச்சு ஒரு கேஸும் நடக்காது, கோர்ட்டுக்கு அப்படி ஒரு திருட்டு நடந்ததே தெரியாதுன்னான்.

அவன் சொல்லித்தான் எனக்குச் சட்டம் கொஞ்சம் தெரிஞ்சுது, படிக்கிறவங்களுக்கும் உதவும்னு எழுதறேன். வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-லயே சுப்ரீம் கோர்ட், லலிதா குமாரி வழக்குல, அஞ்சு நீதிபதி உக்கார்ந்து சொல்லிட்டாங்க. 2024 ஜூலை 1-ல இருந்து வந்த புதுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்துல, அதான் பி.என்.எஸ்.எஸ்.னு சொல்றாங்களே அதுல, 173-வது பிரிவுல எந்த ஸ்டேசன்லயும் புகார் குடுக்கலாம், ஆன்லைன்ல கூட அனுப்பிட்டு மூணு நாளைக்குள்ள கையெழுத்துப் போடலாம், நகலைக் காசு வாங்காம குடுக்கணும். கொஞ்சம் விசாரிச்சுட்டுப் போடறோம்னு சொல்றதுக்கும் இடம் இருக்கு, ஆனா அது 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குக் கீழ தண்டனை உள்ள குற்றத்துக்கு மட்டும்தான், அதுவும் டி.எஸ்.பி. அனுமதி வாங்கணும், 14 நாளைக்குள்ள முடிக்கணும். குடியிருக்கிற வீட்டுக்குள்ள திருடினா 7 வருஷம் வரைக்கும் தண்டனை, அதனால இந்தச் சலுகையே எங்க கேஸுக்குப் பொருந்தாது.

இதெல்லாம் ஒரு பக்கம். என் தூக்கத்தைக் கெடுத்தது வேற. மூணாம் நாள் காலையில அண்ணன் போன் பண்ணினார், குரலே சரியில்ல. "ஆச்சி, என்னைய ஸ்டேசனுக்கு வரச் சொல்றாக, சும்மா ரெண்டு கேள்வி கேக்கணுங்கிறாக, போகட்டுமா"ன்னார்.

எனக்குக் கை நடுங்கிருச்சு. ஏன்னு சிவகங்கை ஜில்லாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2025 ஜூன் கடைசியில திருப்புவனம் பக்கத்துல மடப்புரத்துல காளி கோயில் காவலாளியா இருந்த பையனுக்கு என்ன ஆச்சுன்னு ஊரே பாத்துச்சு. கார்ல வச்ச நகையைக் காணோம்னு ஒரு புகார், அதுக்குத் தனிப்படை வந்து கூட்டிட்டுப் போய் அடிச்சதுல செத்தே போயிட்டான், 27 வயசு. உடம்புல 44 காயம்னு ஐகோர்ட்லயே பேசினாங்க. முறையா எஃப்.ஐ.ஆர். இல்லாம தனிப்படை எப்படி இதைக் கையில எடுத்துச்சுன்னு மதுரைக் கிளை கேட்டுச்சு, அதுக்கப்புறம் போலீஸ்காரங்க கைதாகி கேஸ் சி.பி.ஐ.க்குப் போச்சு, அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவு போட்டார். அவனும் ஒரு காவலாளி, அங்கயும் காணாமப் போன பொருள், காகிதத்துல கேஸுன்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே ஆளைத் தேடிப் போனது. எங்க வீட்டுலயும் அதே மூணும் அப்படியே இருந்துச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. எஃப்.ஐ.ஆர்.ங்கிறது பொருளைத் தொலைச்ச எனக்கு மட்டும் பாதுகாப்பு இல்ல, சந்தேகத்துல மாட்டிக்கிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு. எஃப்.ஐ.ஆர். போட்டா அதோட நகல் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போயாகணும், 24 மணி நேரத்துல போலீஸ் வெப்சைட்ல ஏத்தணும்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, விசாரிக்கிற அதிகாரி யாருன்னு பேர் இருக்கும், யாரை எப்ப விசாரிச்சாங்கன்னு டைரி எழுதணும். போடலைன்னா ஒண்ணும் இல்ல. யாரு கூப்பிட்டா, எதுக்குக் கூப்பிட்டா, எங்க வச்சுக் கேட்டாங்கன்றதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. ஸ்டேசன்ல எல்லா இடத்துலயும் கேமரா வைக்கணும், சத்தமும் பதிவாகணும், 18 மாசம், முடியலைன்னா ஒரு வருஷமாவது பதிவை வச்சிருக்கணும்னு 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கு, நல்ல உத்தரவுதான், ஆனா மடப்புரத்துல அடிச்ச வீடியோவா வெளிய வந்தது கோயிலுக்குப் பின்னாடி யாரோ ஒளிஞ்சு நின்னு செல்போன்ல எடுத்தது. ஸ்டேசனுக்கே கூட்டிட்டு வராம வெளியிலயே வச்சு அடிச்சா ஸ்டேசன் கேமரா எதைப் பாக்கும்?

அண்ணனுக்கு 67 வயசு. புதுச் சட்டத்துல 179-வது பிரிவு, சாட்சி விசாரிக்கணும்னா எழுத்துலதான் கூப்பிடணும், 60 வயசுக்கு மேல உள்ளவங்களையும் பெண்களையும் உடம்பு முடியாதவங்களையும் அவங்க இருக்கிற இடத்துலதான் போய் விசாரிக்கணும், ஸ்டேசனுக்கு வரச் சொல்லக் கூடாதுங்குது. முன்னாடி 65 வயசுன்னு இருந்ததை 60-ஆ குறைச்சிருக்காங்க. இதை அண்ணன் மாதிரி ஆளுக்கு யாரு சொல்லுவாங்க? போன்ல கூப்பிட்டா சட்டையை மாட்டிக்கிட்டு நேராப் போய் நிப்பார். நான் போக வேண்டாம்னுட்டு, ராத்திரி பஸ் ஏறி ஊருக்கு வந்து, வீட்டுலயே வந்து கேளுங்க நானும் பக்கத்துல உக்காந்திருக்கேன்னு சொன்னேன். அன்னைக்கே எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபால்லயும் மனு அனுப்பினேன், ஸ்டேசன்ல எஃப்.ஐ.ஆர். மறுத்தா அப்படி அனுப்பலாம்னு அதே 173-வது பிரிவுல இருக்கு. பதினோராம் நாள் எஃப்.ஐ.ஆர். போட்டாங்க. போட்டதுக்கப்புறம் வந்த எஸ்.ஐ. தம்பி எங்க வீட்டு வளவுலயே (உள் முற்றம்) பாய்ல உக்காந்து அண்ணன்கிட்ட ஒரு மணி நேரம் பொறுமையா கேட்டு எழுதிக்கிட்டார், ஒரு அதட்டல் இல்ல. அதே போலீஸ்தான். கேஸ் நம்பர்னு ஒண்ணு வந்தவுடனே எல்லாமே முறையா மாறிடுச்சு.

ஆனா அந்தப் பதினோரு நாள் போனது போனதுதான். அதுக்குள்ள எத்தனை பேர் அந்தக் கதவைத் தொட்டிருப்பாங்க, கைரேகை எடுக்க வந்தவங்களுக்கு என்ன கெடைக்கும்? 7 வருஷமோ மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் ஆளு நேர்ல வந்து தடயம் எடுத்து வீடியோவும் பிடிக்கணும்னு அதே சட்டத்துல 176-வது பிரிவு இருக்கு, அதை நடைமுறைக்குக் கொண்டு வர மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் டைம் குடுத்திருக்காங்க. சட்டம் புத்தகத்துல வந்துருச்சு, எங்க ஊரு பின் தெருவுக்கு எப்ப வரும்னு தெரியல. தெரு முனையில ஊர்க்காரங்க காசு போட்டு வச்ச கேமராவைக் கேட்டா, பழசெல்லாம் தானா அழிஞ்சிருச்சுன்னாங்க.

நான் கேமரா வேண்டாங்கல. எங்க மாமியார் இருந்த காலத்துல ராத்திரி ரோந்து வர்ற போலீஸ்காரர் முகப்புத் தூண்ல மாட்டியிருக்கிற ரோந்து நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, "யாரும் இருக்கீகளா"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போவார். எந்த வீட்டுல ஆளு இருக்கு, எந்த வீடு ஆறு மாசமா பூட்டிக் கெடக்குன்னு அவருக்கு மனப்பாடம். அந்த ஒரு ஆளு பாக்கிறதை எத்தனை கேமராவும் பாக்காது.

போலீஸ்காரங்களை மட்டும் குத்தம் சொல்லி எழுதினா பாவம். எங்க ஜில்லாவுல செப்டம்பர்ல இருந்து அக்டோபர் முடிய பந்தோபஸ்துதான், இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடிக்கு ஆளு போகணும், பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டம், காளையார்கோயில் மருதுபாண்டியர் குருபூஜை, அக்டோபர் 30 பசும்பொன் தேவர் குருபூஜை. ரோட்டுல நிக்கிற அந்தப் பிள்ளைங்கதான் திரும்பி வந்து என் குத்துவிளக்கையும் தேடணும். வாரம் ஒரு நாள் லீவு குடுக்கணும்னு 2021-லயே அரசாணை வந்துச்சு, எத்தனை பேருக்கு நிஜமா கெடைக்குதுன்னு நம்ம தெருவுல இருக்கிற எந்தக் கான்ஸ்டபிளையும் கேட்டுப் பாருங்க. புலன் விசாரணைக்குத் தனி ஆளு, சட்டம் ஒழுங்குக்குத் தனி ஆளுன்னு பிரிக்கச் சொல்லி 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எங்க ஊரு மாதிரி சின்ன ஸ்டேசன்ல இன்னும் ஒரே ஆளுதான் எல்லாத்துக்கும் ஓடுது. ஸ்டேசன் கணக்குல திருட்டு கூடினா மேல இருந்து ஏச்சு விழுமோன்னுதான் எஃப்.ஐ.ஆர்.க்கு யோசிக்கிறாங்கன்னு எனக்குத் தோணுது. அது உண்மைன்னா மாத்த வேண்டியது மேல இருக்கிறவங்கதான், கணக்கைக் குறைச்சுக் காட்டுற ஸ்டேசனைப் பாராட்டறதை நிறுத்தணும்.

இன்னொண்ணு சொல்லிடறேன். எங்க சம்பந்தி அம்மாவுக்கு டிஜிட்டல் அரெஸ்ட்னு வீடியோ கால்ல மிரட்டி பணம் பறிச்சாங்க, அப்படி ஒரு கைது சட்டத்துலயே கிடையாதுங்கிறது அவங்களுக்கு அப்ப தெரியல. உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போன் அடிச்சாங்க, பேசி முடிக்கிறதுக்குள்ள புகார் நம்பர் வந்துருச்சு, பேங்குல ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தியும் வச்சாங்க. யாரும் "எதுக்கும்மா அலையறீங்க"ன்னு கேக்கல. கண்ணுக்குத் தெரியாத பணத்துக்கு உடனே நம்பர் கெடைக்குது, உடைஞ்ச பூட்டோட போய் நின்ன எனக்குப் பதினோரு நாளாச்சு.

எங்க பொருள் இன்னும் கெடைக்கல. மாமியார் கல்யாணத்துல பரப்பின சாமானுக்குக் கையால எழுதின பட்டியல் ஒண்ணு பழைய பெட்டகத்துல இருந்துச்சு, எத்தனை அண்டா, எத்தனை விளக்கு, என்ன எடைன்னு எல்லாம் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வீட்டு இனிஷியல் வெட்டியிருக்கும். அதை எஸ்.ஐ. தம்பிகிட்ட குடுத்திருக்கேன். நம்ம பக்கம் பூட்டின வீடு வச்சிருக்கிறவங்க எல்லாரும் அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப உக்காந்து போட்டோ எடுத்து இந்த மாதிரி ஒரு பட்டியல் எழுதி வச்சுக்கங்க. ஊரை விட்டுக் கிளம்பும்போது ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. திருட்டுப் போன பொருள் போட்டோவை ஸ்டேசன்ல இருந்து பழைய சாமான் கடைகளுக்கும் அனுப்பினா நேர்மையா யாவாரம் பண்றவங்களுக்கும் நல்லது, தெரியாம வாங்கி மாட்டிக்க மாட்டாங்க. வேலைக்காரங்க, வாட்ச்மேன் யாரையாவது ஸ்டேசனுக்குக் கூப்பிட்டா முதல்ல எஃப்.ஐ.ஆர். நம்பர் கேளுங்க, அவங்களைத் தனியா அனுப்பாதீங்க, நீங்க கூடப் போங்க. நம்ம வீட்டைக் காத்தவங்க அவங்க.

இதைப் போட்டா என் பேரும் ஊரும் வேண்டாம் அய்யா. பயந்துக்கிட்டுச் சொல்லல, எனக்கென்ன, நான் சென்னையில இருக்கேன். அண்ணன் இப்பவும் அதே முகப்புலதான் படுக்கறார், ராத்திரி ஜீப் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறாராம், அவர் சம்சாரம் சொல்லுச்சு.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார வாசகி