விசாகப்பட்டினம் சுற்றுலாவும் பைக்குள் வந்த போன்களும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. கேரம், குத்துச்சண்டை, கால்பந்து மூன்றிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள், அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது, பத்தாம் வகுப்பு மாலை வகுப்புக்கு வருகை கூடியிருக்கிறது. எல்லாருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் போய்வந்த விசாகப்பட்டினம் சுற்றுலா. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் சென்னைக் காசிமேட்டில் இல்லாத கடலா அங்கே இருக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே பாதி காலியானது, ஆனால் அந்த மாதம் 6ஆம் தேதி நிஜமாகவே குண்டு விழுந்தது விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும்தான். நம் கதையும் அந்த ஊர்க் கதையும் ஒரே கடலில் நடந்தவை, அதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என்றுதான் அழைத்துப் போனோம்.

இன்றைக்கு ஆர்.கே. பீச் முழுக்க ஓட்டல்கள், ரிஷிகொண்டாவில் படகுச் சவாரி, கைலாசகிரிக்கு ரோப் கார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மணலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலை. 91 மீட்டர் நீளம். 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001 வரை ஓடியது, 1971 பாகிஸ்தான் போரிலும் பங்கெடுத்தது. உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான சின்னக் கதவு, காலைத் தூக்கி வைத்துக் குனிந்துதான் நுழைய வேண்டும். எழுபது பேருக்கு மேல் அதற்குள்ளேயே தூங்கி, சாப்பிட்டு, நாள்கணக்கில் வெயிலைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி 1971 டிசம்பர் தொடக்கத்தில் மூழ்கியதும் அந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான், இன்னமும் கடலடியில் கிடக்கிறது. எதிரே கடற்படையின் கண்காணிப்பு விமானமான டியு-142. நம் அரக்கோணத்திலிருந்து 2017 வரை பறந்த விமானம் அது.

கப்பலுக்குள் ஓய்வுபெற்ற கடற்படை வீரர் ஒருவர் டார்பிடோ குழாயை (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டை ஏவும் குழாய்) காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளில் சிலர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுத்தார்கள். பின்னால் வந்த குடும்பங்கள் அந்த ஒடுக்கமான வழியில் நகர முடியாமல் நின்றன. போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் பாட்டு போட்டு ரீல்ஸ். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

போன் வேண்டாம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருந்தோம், நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள். ஆனாலும் துண்டுக்குள் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் வைத்து, பல பைகளில் போன் வந்தது. பிள்ளைகள் திருட்டுத்தனமாக எடுத்து வரவில்லை, "அம்மாதான் வெச்சாங்க" என்று அவர்களே சொன்னார்கள்.

ஒரு மாணவனுக்கு ரயிலில் ராத்திரி வயிற்று வலி. இரண்டு பெர்த் தள்ளிப் படுத்திருந்த ஆசிரியரை எழுப்பாமல் தண்டையார்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். அந்தம்மா பதறிப்போய் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி, கடைசியில் எனக்குச் சொல்லி, நான் ஆசிரியரை அழைத்து மாத்திரை கொடுக்கச் சொல்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. வெறும் அஜீரணம், பிழைத்தோம். வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? கையில் போன் இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடற்கரையில் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மாணவி முழங்கால் தண்ணீரில் அலைக்கு முதுகு காட்டி நின்று வீடியோ எடுத்தாள். மீனவர் வீட்டுப் பிள்ளை, அப்படி நிற்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியாததா? அலை அடித்துச் சாய்த்துவிட்டது. உடற்கல்வி ஆசிரியர் கையைப் பிடித்து இழுத்ததால் சிராய்ப்போடு போயிற்று. அந்தக் கடற்கரையில் உள்ளிழுப்பு அதிகம், ஆளை வாரிக்கொண்டு போகும்.

அதனால் கண்டிப்பாகவே சொல்கிறேன். இனி எந்தச் சுற்றுலாவானாலும் சென்ட்ரலில் ரயில் ஏறும் முன் உங்கள் எதிரிலேயே பைகளைப் பார்ப்போம். போன் இருந்தால் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். சம்மதமில்லை என்றால் தயவுசெய்து பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமலில்லை. பல பிள்ளைகள் முதல்முறையாக வீட்டை விட்டு வெளியூரில் தங்கினார்கள், அதிலும் பெண்பிள்ளை என்றால் ராத்திரி ஒரு தடவை குரலைக் கேட்டால்தான் தூக்கம் வரும். சரி, அதற்கு வழி செய்கிறோம். தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் ஆசிரியர்களின் போனிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குப் பேசும், சாப்பிட்டாயிற்றா என்ற தகவல் வகுப்புக் குழுவில் வரும்.

சுற்றுலாவில் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்த போன்கள் பள்ளி அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் அப்பாவோ அம்மாவோ வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டோம்.

ஒரு ரயில் பெட்டிக்கே போதும் என்கிற அளவுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும், ரயில் தாமதமான இரவில் சென்ட்ரலிலிருந்து மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் தங்கள் ஆட்டோவில் ஏற்றி வீடு சேர்த்த அப்பாக்களுக்கும், கட்டணத்தைத் தவணையில் கட்டியாவது அனுப்பி வைத்த எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்