வாராவாரம் ஒரு பராஷா

அன்புள்ள சேவியருக்கு,

நலம். குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆகிவிட்டாயாமே, வாழ்த்தா அனுதாபமா, நீயே எடுத்துக்கொள். யூதர்களைப் போல வாராவாரம் தோரா வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக.

தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்கள். மொத்தம் 54 பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பராஷா. சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் ஏழு பேரை அழைத்து ஏழு துண்டாக வாசிப்பார்கள். அதனால் வீட்டில் படிப்பவர்கள் பலர் ஞாயிறு முதல் துண்டு, திங்கள் இரண்டாவது என்று நாளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மூலம் இரண்டு தடவை, ஒன்கெலோஸின் அரமேய மொழிபெயர்ப்பு ஒரு தடவை என்பது யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்லும் முறை. அரமேயத்துக்குப் பதில், இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரையும் போதும் என்று பிற்பாடு ஏற்றுக்கொண்டார்கள். உனக்கும் ராஷிதான் சரி.

வெள்ளி ராத்திரி ஒரே மூச்சில் முடித்தால் கதை நிற்கும், சட்டம் நழுவிவிடும். அன்றாடத்துக்கு வேண்டியதோ சட்டத்தில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. எடுத்த எடுப்பில் ‘இதில் எனக்கு என்ன செய்தி’ என்று கேட்காதே. எல்லா வாரமும் ‘நல்லவனாக இரு’ என்றுதான் பதில் வரும். எவ்வளவு உயரம், எத்தனை நாள், யார் பொறுப்பு என்று கேள்.

கி டேட்சே என்ற பராஷாவைப் பார். உபாகமம் 21:10 முதல் 25 முடிய. தோராவில் எண்ணப்படும் 613 கட்டளைகளில் 74 இதற்குள் அடக்கம். புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு என்கிறது 22:8. அதன் உயரம் பத்துக் கை அகலத்துக்குக் குறையக் கூடாது என்றார்கள் ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள். கணக்கைப் பொறுத்து 80 முதல் 100 சென்டிமீட்டர். ஆள் சாய்ந்தாலும் விழாத உறுதி வேண்டும் என்பது இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ். சுவரோடு விடவில்லை: கடிநாயும் ஆட்டம் கண்ட ஏணியும் வீட்டில் இருக்கக் கூடாது என்பதையும் இதே வசனத்திலிருந்துதான் ரபி நாத்தான் எடுக்கிறார். உன் கட்டடத்தில் மூடியில்லாத சம்ப் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான்.

24:15 கூலியைப் பற்றியது. பகலில் வேலை செய்தவனுக்கு அன்று இரவு முழுக்க வாங்க உரிமை உண்டு என்றார்கள் ரபிகள். அவன் கேட்டும், கையில் காசிருந்தும் கொடுக்காவிட்டால்தான் குற்றம். ‘நாளைக்கு வாப்பா’ என்று பிளம்பரை அனுப்புகிறோமே, அது நேராக இதில் விழுகிறது.

25:13 எடைக்கல். கடைக்காரர் படியை வாரம் இருமுறை, கல்லை வாரம் ஒருமுறை, தராசை ஒவ்வொரு நிறுவைக்கும் பிறகு துடைக்க வேண்டும் என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. படியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் வாங்குகிறவருக்கு அந்த அளவு குறையும். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவனும் இப்படிக் குறைத்து அளந்துகொண்டிருக்கலாம். உலர்ந்த சரக்குக்கு இந்தத் துடைப்பு வேண்டாம் என்று ஒரு சலுகையும் உண்டு.

பாலைவனத்தில் இஸ்ரவேலர் அமைத்த வழிபாட்டுக் கூடாரத்து அளவுகள் வரும் வாரங்களில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே, பெகுதே பொருளாளருக்கான பராஷா. 6,03,550 பேர் தலைக்கு அரை சேக்கல் எடை வெள்ளி: வரவு 3,01,775 சேக்கல். ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்பதால் அது 100 தாலந்தும் 1,775 சேக்கலும். 100 தாலந்து கூடாரத்தைத் தாங்கும் 100 பாதங்களுக்கு. மீதி 1,775 தூண் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும். சில்லறை வரை வரவும் செலவும் பொருந்துகிறது. யாரும் கேட்டதாகவும் மூலத்தில் இல்லை. மோசேயே சொல்லி எழுதவைத்த கணக்கு. அது மார்ச் வாக்கில் வரும். ஆண்டறிக்கைக்கு முன்னால் யாத்திராகமம் 38-ஐ ஒருமுறை பார்த்துக்கொள். ‘இதர செலவு’ என்று ஒரு வரியை மட்டும் போட்டுவிடாதே.

அன்புடன்,
ராஜன்