உள்ளே விளக்கு எரியட்டும்: சக குருக்களுக்கு ஒரு தவக்கால மடல்

அன்புக்குரிய சகோதரக் குருக்களே,

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று மக்கள் நெற்றியில் சாம்பல் பூசி முடித்து எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பெருவிரல் நகத்தின் ஓரத்தில் அந்தக் கறுப்பு லேசில் போவதில்லை. இந்த ஆண்டும் இரவுச் செபத்துக்குப் புத்தகத்தைத் திறந்தபோது அது கண்ணில் பட்டது. அன்று முழுவதும் நெற்றி நெற்றியாக, “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்று சொல்லிப் பூசியிருந்தேன். தலை குனிந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மனம் மாறி வருகிறவர்களுக்காக நான் எந்த நாளில், எந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைய அறிவிப்பில் சிலுவைப்பாதைக்கு நேரம் இருந்தது, தியானத்துக்குத் தேதி இருந்தது, தவக்காலக் காணிக்கை பற்றி இரண்டு வரி இருந்தது. குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லே இல்லை. அறிவிப்பை எழுதியவன் நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் உள்ளே கேட்டது எதையும் நாம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். இது வெளியே, குருக்கள் உடை மாற்றும் சக்ரீஸ்து அறை வாசலில் நடந்தது. சிலுவைப்பாதை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கதவோரம் நின்றார். “ஃபாதர், ரொம்ப வருஷமாச்சு. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்.” புனித வார ஏற்பாடுகளுக்கான கூட்டத்தில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கையில் கடிகாரம். “புனித வாரத்துல வெளியிலேர்ந்து குருக்கள் வருவாங்க, அப்ப வாங்களேன்” என்றேன். “சரி ஃபாதர்” என்றார். முகத்தில் வருத்தம்கூடத் தெரியவில்லை, பழகிப்போன பதிலைக் கேட்டவர் போலத் தலையசைத்துவிட்டுப் போனார். புனித வாரத்தில் வரிசையில் அவரைத் தேடினேன். வரவில்லை. ஈஸ்டர் பாஸ்காவுக்கும் வரவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

கூட்டத்தில் அன்று என்ன முடிவெடுத்தோம் என்பது எனக்கு நினைவில்லை. அந்தத் தலையசைப்பு நினைவிருக்கிறது.

நமக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 986ஆம் எண், ஆன்மப் பொறுப்பில் உள்ளவர்கள் தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட மக்கள் நியாயமாகக் கேட்கும்போது பாவசங்கீர்த்தனம் கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அவர்களுக்கு வசதியான நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. நமக்கு வசதியான நேரம் என்று அதில் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று 1215இல் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் இலாத்தரன் சங்கம் வைத்த கடமையை மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குத் தவறாமல் கற்பிக்கிறோம். அவர்கள் பக்கத்துக் கடமையைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு நம் பக்கத்துக் கடமையை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நோன்பு பற்றி மக்கள் ஓயாமல் கேட்கிறார்கள். எந்த வயதிலிருந்து, எந்த வயது வரை, எந்தெந்த நாள்? நாமும் சளைக்காமல் பதில் சொல்கிறோம்: பதினெட்டு நிறைந்தவர்களுக்கு அறுபதாம் வயது தொடங்கும் வரை நோன்பு, பதினான்கு நிறைந்தவர்களுக்குப் புலால் தவிர்த்தல், இரண்டும் சேர்ந்து கட்டாயமாவது திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும். நல்லதுதான். ஆனால் உடைகளைக் கிழிக்க வேண்டாம், இதயத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி வாருங்கள் என்று இறைவாக்கினர் யோவேல் வழியாக ஆண்டவர் அழைப்பதைத்தான் புதனன்று முதல் வாசகமாக வாசிக்கிறோம். கிழிந்த இதயத்தோடு வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்த வாசகத்தை எந்த வாயால் வாசிப்போம்?

“யாரும் வருவதில்லை, உட்கார்ந்து என்ன பயன்” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் சொன்னவன்தான். வாசல் நிகழ்வுக்கு அடுத்த தவக்காலத்தில் வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம் என்று அறிவித்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். முதல் வாரம் ஒருவரும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. ஊதா ஸ்டோல் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திருப்புகழ்மாலை சொன்னேன். பீடத்துப் பூக்களை மாற்ற வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் வாரம் யாரோ வெகுநேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகும் சத்தம் கேட்டது. நான்காம் வாரம் அதே காலடி ஓசை, இந்த முறை முன்னால் வந்தது. மேற்கொண்டு நான் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது முதலில் நான் அங்கே இருப்பேன் என்ற உறுதி. அதை அவர் நம்புவதற்கு மூன்று வாரம் ஆனது.

புனித யோவான் மரிய வியான்னி 1818இல் பிரான்சில் ஆர்ஸ் என்ற அந்தச் சின்னஞ்சிறு ஊருக்குப் போனபோதும் அங்கே வரிசை நிற்கவில்லை. பிற்காலத்தில் நாளின் பெரும்பகுதியைப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்ற அந்தச் சிறு அறையிலேயே கழிக்கும் அளவுக்கு மக்கள் வந்தார்கள் என்றால், அதற்கு முன்னால் அவர் காலியான கோவிலில் முழந்தாளிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1929இல் திருச்சபை அவரைப் பங்குக் குருக்களின் பாதுகாவலர் ஆக்கியது. நம் பாதுகாவலரின் வேலை காத்திருப்பதில் தொடங்கியது.

புனித வாரத்தில் நாலைந்து குருக்களை வரவழைத்து ஒரே மாலையில் முடித்துவிடும் வழக்கம் பற்றியும் பேச வேண்டும். வருகிற குருக்களுக்கு நன்றி. அந்த வரிசை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, தெரியாத குருவிடம் சொல்வதே எளிது என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது ஒருவர் எதைச் சொல்ல முடியும்? மனப்பாடமாகத் தெரிந்த நாலு பாவங்களைச் சொல்வார். பல ஆண்டாக நெஞ்சில் கிடக்கும் ஐந்தாவது நெஞ்சிலேயே கிடக்கும். குருவை நடுவராகவும் மருத்துவராகவும் சட்டம் சொல்வதை நாம் அறிவோம். எந்த மருத்துவர் ஒரு நிமிடத்தில் இருபது ஆண்டுக் காயத்தைப் பார்ப்பார்?

கடுமையாகப் பேசுவதையும் விட்டுவிடுவோம். “இவ்வளவு நாள் எங்க போனீங்க?” என்ற ஒரு கேள்வி போதும், வந்தவர் மறுபடி இருபது ஆண்டு வரமாட்டார். பாவசங்கீர்த்தனம் என்ற இந்த அருளடையாளம் நடக்கும் இடம் சித்திரவதைக் கூடமாக இருக்கக் கூடாது, ஆண்டவரின் இரக்கத்தைச் சந்திக்கும் இடமாக இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் குருக்களாகிய நமக்குத்தான் எழுதினார். தவக்கால இரண்டாம் வாரச் சனிக்கிழமை ஒவ்வோர் ஆண்டும், தகப்பன் சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரி மகன் உவமையை வாசிக்கிறோம். அதில் ஓரிடத்தை இப்போது ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன். பன்றித் தொழுவத்திலேயே அந்த மகன் பேச வேண்டியதைத் தயார் செய்துகொள்கிறான். கடைசி வாக்கியம், உம் கூலியாள்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. வீட்டு வாசலில் அந்தக் கடைசி வாக்கியம் வரவே இல்லை. அதற்குள் தகப்பன் பணியாளர்களைக் கூப்பிட்டு நல்ல ஆடை கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. தொலைவில் வரும்போதே கண்டுகொண்டார் என்றால், அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இனிச் சொல்வது எனக்கும் சேர்த்து. நாம் கடைசியாக எப்போது முழந்தாளிட்டோம்? அடிக்கடி பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு அருளடையாளத்தை நாடுங்கள் என்று சட்டம் குருக்களையும் கேட்டுக்கொள்கிறது. 2014 மார்ச் 28 அன்று புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போக வேண்டிய நேரத்தில், எல்லாரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன்னால் போய் முழந்தாளிட்டார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குக் கேட்க உட்கார்ந்தார். சொல்லக் கூச்சப்படுவது எப்படி இருக்கும், நாக்கு ஒட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட்ட குருவால், எதிரே நடுங்கிக்கொண்டு வருகிறவரை எப்படிப் பொறுமையாகக் கேட்க முடியும்?

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு மணி நேரமாவது, வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய ஒரு நேரத்தை அடுத்த ஞாயிறே அறிவியுங்கள். கூட்டம் இருந்தால் கூட்டத்தை மாற்றுங்கள். உள்ளே விளக்கைப் போட்டு, வெளியிலிருந்து தெரியும்படி உட்காருங்கள்.

நான் வரும் செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பங்குக்கு வருகிறேன், பாவசங்கீர்த்தனம் செய்ய. முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லாமல், மற்றவர்களைப் போலவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

கிறிஸ்துவில் உங்கள் சகோதரன்,
ஒரு பங்குத்தந்தை