கொட்டகைத் தளம் போடப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன் தோட்டத்தில் சாமான் கொட்டகை நிறுத்திவிட வேண்டும் என்று கோத்தகிரிப் பக்கம் பலரும் சிமெண்ட் கேட்டு வருகிறீர்கள். "எதுக்கும் ஒரு மூட்டை சேர்த்துப் போடுங்க" என்கிறீர்கள். விற்கிற எங்களுக்கு நல்லதுதான். ஆனால் நம் ஊரில் இந்த மாதிரித் தளம் விரிசல் விடுவது பெரும்பாலும் அடியில் உள்ள மண்ணால்தான்.

சரிவைச் சமன் செய்யும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுகிறோம். பாதித் தளம் கெட்டி மண்ணில், மீதி கொட்டிய மண்ணில். பெருமழையில் கொட்டிய பக்கம் இறங்கும், தளம் நடுவில் பிளக்கும். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இங்கத்து மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முடிந்தால் தளம் முழுக்க வெட்டிய மண்ணிலேயே வருகிற மாதிரி உள்ளே தள்ளி எடுங்கள். இல்லையென்றால் 6 அங்குலம் கொட்டி, லேசாக நனைத்து, திமிசு போட்டு இடித்து, அப்புறம் அடுத்த 6 அங்குலம். கீழ் ஓரத்தில் கருங்கல் கட்டு வேண்டும். மேல்பக்கம் வாய்க்கால் கட்டாயம். மேட்டுத் தண்ணீர் தளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். திமிசு கடையில் வாடகைக்கு இருக்கிறது.

சரி, கணக்கு. 8 அடிக்கு 6 அடி, 4 அங்குல கனம் என்றால் 16 கன அடி கான்கிரீட். 1:2:4 கலவைக்கு 3 மூட்டை சிமெண்ட், சுமார் 7 கன அடி எம்-சாண்ட், 14 கன அடி முக்கால் இன்ச் ஜல்லி. அவ்வளவுதான். கான்கிரீட் கொட்டச் சுற்றிலும் பலகை அடித்ததும் மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் 10 அடி வர வேண்டும். கொட்டகையை விடத் தளம் அகலமாக இருக்க வேண்டாம். சுவரில் வழியும் மழை அந்த விளிம்பில் நின்று உள்ளே கசியும்.

தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் மழையில் நனைந்திருந்தால் இன்னும் குறையுங்கள். கலவை இளகலாக இருந்தால் இழுத்துவிடுவது சுலபம், மேஸ்திரியும் அதைத்தான் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

குளிரில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். கீழே மேட்டுப்பாளையத்தில் மறுநாளே பலகை பிரிக்கிற கணக்கு இங்கே வேண்டாம், 3 நாள் விடுங்கள். நாங்கள் தருவது மெதுவாக இறுகும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்பதால் 10 நாளாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். வானம் மூடியிருந்தாலும் காற்றில் மேல்பரப்பு காயும்.

சிமெண்டை வேலைக்கு முந்தின நாள் எடுத்தால் போதும். பிரிக்காத மூட்டை மிஞ்சினால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்தால் எடுக்க இயலாது.