பொறுமை இல்லாத பெற்றோரா?

(2021 ஊரடங்குக் காலத்தில் எழுதியது)

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் குடும்பப் பக்கத்தில், "பிள்ளைகள் முரடாவதற்குப் பெற்றோரிடம் பொறுமை இல்லாததே காரணம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே தாய்மாருக்கு அறிவுரை: காலையில் தியானம், பிள்ளைக்குப் படிக்கத் தனி அறை, மாலையில் தோட்டத்தில் உலாவல். மிக்க நன்றி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஓரறை வீட்டில் மூன்று பிள்ளைகளோடும் ஒரே போனோடும் இருக்கிற தாய் அந்தத் தனி அறையை எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டும் கட்டுரையாளர் எழுத மறந்துவிட்டார்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய இலங்கைப் பள்ளிக்கூடங்கள் இடையிடையே திறந்து மூடி, இந்த 2021 ஆகஸ்ட் 20 இலிருந்து மறுபடியும் ஊரடங்கு. ஜூலையிலிருந்து ஆசிரியர்கள் சம்பளப் போராட்டத்தில் இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தியிருக்கிறார்கள். அது அவர்களுடைய நியாயம், அதில் குறை சொல்ல வரவில்லை. அதற்கு முன்பு மட்டும் என்ன, வீடியோவோடு ஒரு மணித்தியாலச் சூம் வகுப்பு அரை ஜிபிக்கு மேல் தின்றது. வேலையில்லாத நாட்கூலிக்காரருக்கு அரசு தருவது 2,000 ரூபாய். கடையில் பால்மா இல்லை. நுண்கடன் தவணையைத் தள்ளிப்போட்டாலும் வட்டி தள்ளிப்போவதில்லை. இத்தனையையும் 'பொறுமை' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டீர்கள்.

உண்மையில் வீட்டில் நடப்பது இது. தாய் அடுப்படியில் இருந்தபடி சத்தமாக ஒரு வேலை சொல்கிறாள். பிள்ளை கேட்கவில்லை. சத்தம் கூடக் கூட பிள்ளையின் அடமும் கூடுகிறது. கடைசியில் ஓர் அடி, பிள்ளை உடனே அடங்குகிறது. அடித்தால்தான் கேட்கும் என்று தாய் படிக்கிறாள். அடி விழும்வரை எழும்பத் தேவையில்லை என்று பிள்ளை படிக்கிறது. சில நாளில் அதே அடி போதாமல் போகும். இந்தச் சுற்றைத் தொடக்கத்திலேதான் வெட்டலாம். கிட்டப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "சண்டை பிடிக்காதே" என்றால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று விளங்காது. "பந்தைத் தங்கச்சியிடம் கொடு" என்றால் விளங்கும். பிறகு பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: மூன்று எண்ணுமுன் அடுத்த கட்டளை போய்விடும். சொன்னதைச் செய்தால் அந்த நிமிடமே "கொடுத்திட்டாய், நல்லது" என்று சொல்ல வேண்டும். கை ஓங்கிவிடும் போலிருந்தால் சின்னப் பிள்ளையைக் கிணறும் அடுப்பும் இல்லாத பக்கம் இருத்திவிட்டு, கண்ணுக்கெட்டும் தூரத்தில் வாசலுக்கு வந்து, நாலு எண்ணி மூச்சை எடுத்து ஆறு எண்ணி விடட்டும். ஐந்து நிமிடம் போதும். இதற்குத் தோட்டம் வேண்டாம்.

விடிய விடியப் போன் பார்க்கிற பெரிய பிள்ளையை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்வதில் பலனில்லை. தூக்கம் வராமல் இருட்டில் கிடந்தால் கை போனைத்தான் தேடும். எழும்பும் நேரத்தை முதலில் பிடிக்க வேண்டும்: இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் எழுப்பி, முகம் கழுவியதும் வெளிச்சத்துக்கு அனுப்ப வேண்டும். இரவில் போன் பெரியவர்கள் படுக்கிற பக்கத்தில் சார்ஜ் ஏறட்டும்.

எப்போதோ நின்ற படுக்கை நனைப்பு ஏழு வயதில் திரும்புவதையும் காரணம் பிடிபடாத வயிற்றுவலியையும் 'முரட்டுத்தனம்' பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். பயந்த உடம்பு பேசுகிற விதம் அது. பகலிலும் அடிக்கடி சலம் (சிறுநீர்) போனாலோ, எரிவோ கூடிய தாகமோ இருந்தாலோ முதலில் சலம் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் பாயை மாற்றிவிட்டு, பிள்ளை என்ன கேள்விப்பட்டது என்று விசாரிக்க வேண்டும்.

கேள்விப்பட்டதில் உங்கள் பத்திரிகைக்கும் பங்குண்டு. போன வருடம் அக்கரைப்பற்று ஊரின் பெயரோடு கொரோனாக் 'கொத்தணி' (ஓரிடத்திலிருந்து பரவிய தொற்றுக் கூட்டம்) என்று கொட்டை எழுத்தில் போட்டீர்களே, அதைப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் அடக்க விடாமல் எரித்தே ஆகவேண்டும் என்றிருந்த மாதங்களில், "வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா அவரையும் எரிப்பாங்களா?" என்ற கேள்விக்கு உம்மாமார் எப்படிப் பதில் சொல்வதென்று ஒரு வரி எழுதினீர்களா? இந்த 2021 மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிய பிறகும் அந்தப் பயம் உடனே விடவில்லை. வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகள் 'சீரழிவதாக' ஒரு தொடரும் போட்டீர்கள். அந்தப் பிள்ளைகளை வளர்க்கிற அம்மம்மாமாரை ஒருவரும் விசாரிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு உதவ வந்த நிறுவனங்களும் இதே கதைதான்: பட்டறை, பலூன், குழுப்படம், நிதி முடிந்ததும் பயணம்.

கேட்பது சின்ன விஷயம். அந்தப் 'பொறுமை' வரியைத் திருத்துங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய இரண்டு இலக்கங்களையும் தமிழிலும் பேசலாம் என்ற குறிப்போடு வாராவாரம் நாலு விரல் அகலப் பெட்டியில் போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கலாம். முடிந்தால் வரும் ஞாயிறே தொடங்குங்கள். ஊரடங்கு இன்னும் எடுக்கப்படவில்லை.

இப்படிக்கு,
சிறுவர் உளநலப் பணியாளர்,
களுவாஞ்சிக்குடி.