சுவரைப் பெருக்குவதற்கு முன் பத்து நிமிடம்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எங்களை அழைத்துப்போகும் வழிகாட்டித் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் பின்னால் மூச்சு வாங்க நடந்து வருபவன் எழுதுகிறேன். யானைச் சாணத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எப்போது போனது என்று சொல்லிவிடுகிறீர்கள். இருவாச்சி கத்தினால் நாங்கள் தலை தூக்குவதற்குள் மரத்தையே காட்டிவிடுகிறீர்கள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அந்துப்பூச்சிகளை, அதாவது விளக்கைச் சுற்றும் விட்டில்களை, மட்டும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மலை விடுதியில் தங்கியிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். இரவு நல்ல மழை, வராந்தா டியூப்லைட் விடிய விடிய எரிந்தது. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் சுவர் முழுக்க அந்துகள். நடுவில், என் இரண்டு கையையும் விரித்து வைத்தாற்போல, செம்பழுப்பில் ஒன்று. இறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி வளைந்திருந்தது. அட்லஸ் அந்து. வளர்ந்த பிறகு அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துக்கொண்டு சில நாட்கள் வாழும், துணை தேடும், முட்டையிடும், அவ்வளவுதான். கேமரா எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் தென்னந்துடைப்பம் வேலையை முடித்திருந்தது. எங்கள் வழிகாட்டி சொன்னார்: “வெறும் பூச்சிதான் சார். வாங்க, மேல யானை நிக்குதாம்.” யானை நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யானை வேண்டும், புலி வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் நாங்கள்தானே. அந்து என்றாலே அரிசி மூட்டை ஞாபகம் வருகிற ஊர்க்காரர்கள். 2019இல் தமிழ் மறவன் மாநிலப் பட்டாம்பூச்சி ஆனது, சந்தோஷம். ஆனால் இந்தியாவில் பட்டாம்பூச்சி சுமார் 1,400 வகை என்றால் அந்து 10,000 வகைக்கும் மேல். நீங்கள் அழைத்துப்போகும் பாதையில் பெரிய கூட்டம் எது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மலைக்கும் அந்துக்கும் பழைய உறவு உண்டு. ஜார்ஜ் ஹாம்சன் என்ற ஆங்கிலேயர் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். இங்கேதான் அவருக்குப் பூச்சிப் பைத்தியம் பிடித்தது. 1889இல் இங்கிலாந்து திரும்பி, 1891இல் நீலகிரி அந்துகளைப் பற்றி எழுதினார். பிறகு 1892 தொடங்கி 1896 வரை இந்திய அந்துகளைப் பற்றி நான்கு தொகுதிகள். அவருக்கு விளக்குப் பிடித்து, காட்டுக்குள் வழி காட்டியவர்கள் யாராக இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உங்களில் யாருடைய முப்பாட்டனாகவாவது இருக்கலாம்.

இரவில் காட்டுக்குள் போக முடியாதே, அந்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். போகவே வேண்டாம். நான் அறிந்த வரை அந்து பார்க்க மிகச் சிறந்த இடம் செக்போஸ்ட் கழிப்பறையின் சுவர். சிரிக்காதீர்கள். நிலவில்லாத, மழை ஓய்ந்த இரவுக்கு மறுநாள் காலை அங்கே போய்ப் பாருங்கள். விளக்கின் மேல் ஆசைப்பட்டு விட்டில் வருகிறது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். 2024இல் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: இரவுப் பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அதற்குக் காட்டிப் பறக்கப் பார்க்கின்றன, அதனால் விளக்கைச் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. பாவம், ஆசையெல்லாம் ஒன்றுமில்லை, வழி தவறியவை.

பாதையிலும் இருக்கின்றன. பாசி படர்ந்த அடிமரத்தில், இலைக்கு அடியில், மண் சரிவின் நிழலில். செடியில் கால் உரசும்போது தவிட்டு நிறத்தில் ஏதோ எழுந்து, நாலடி தள்ளிப் போய் இலைக்கு அடியில் ஒளியும் இல்லையா? அதன் பின்னால் ஓடாமல், எங்கே உட்கார்ந்தது என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

அடையாளம் காண்பதற்கு நிறத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் விதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நான்கு இறக்கையையும் விரித்து, சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி கிடந்தால், பெரும்பாலும் முழம் போட்டு நடக்கும் புழுவின் தாய் தகப்பன். சண்டை விமானம் மாதிரி இறக்கை பின்னோக்கிச் சாய்ந்து உடம்பு தடித்திருந்தால் பருந்து அந்து. அரளிச் செடியில் வளரும் பச்சை அந்து இந்தக் குடும்பம்தான், ராணுவச் சட்டை போட்டது போலிருக்கும். ஓட்டுக்கூரை மாதிரி இறக்கையை மடித்திருப்பவை ஏராளம், அங்கே எனக்கே திண்டாட்டம். சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று உட்கார்ந்து, கிட்டே போனாலும் நகராமல் இருந்தால் அதற்கு ஒரு தெம்பு இருக்கிறது: தின்றால் கசக்கும் என்று பறவைக்குத் தெரியும். கிலுகிலுப்பைச் செடிப் பக்கம் அப்படிச் சில வரும்.

பகலில் பறந்தால் பட்டாம்பூச்சி என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். உணர்கொம்பைப் பாருங்கள். தீக்குச்சி மாதிரி நுனி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. நூலாகவோ இறகாகவோ இருந்தால் அநேகமாக அந்து. உண்ணிச்செடிப் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஒன்றைப் பார்த்து, எங்கள் ஆட்கள் “ஹம்மிங்பேர்ட்!” என்று கத்துவார்கள். அந்தப் பறவை நம் நாட்டிலேயே கிடையாது. அதுவும் பருந்து அந்துதான்.

தேக்குக் காட்டு வழியென்றால் இன்னொன்று. முதல் மழை பெய்த சில வாரங்களில் மரமெல்லாம் இலை இழந்து நிற்கும். நின்று காது கொடுத்தால் தூறல் போலச் சத்தம் கேட்கும். மழையில்லை, மேலே தின்றுகொண்டிருக்கும் புழுக்களின் எச்சம் சருகில் விழும் சத்தம். மரத்துக்கு நோயா என்று கேட்பவர்களிடம், ஓர் அந்துக் குடும்பத்தின் விருந்து நடக்கிறது, இலை மறுபடி துளிர்க்கும் என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கவும் வையுங்கள். யானை வராத குறையை அந்தச் சத்தம் தீர்த்துவிடும்.

பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லலாம், உங்கள் மரியாதை குறையாது. பல அந்துகளை அறுத்துப் பார்க்காமல் நிபுணராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், எந்தச் செடி என்பது, இவ்வளவு இருந்தால் பிறகு கேட்டுக்கொள்ளலாம். பிடிக்கவோ பாட்டிலில் போடவோ யாரையும் விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டிமார் இவற்றுக்கு வைத்த பெயர் இருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பதெல்லாம் அந்து, விட்டில் என்ற இரண்டு சொல்தான், பாக்கி எல்லாம் லத்தீன்.

நான் கேட்பது இவ்வளவுதான். நடை தொடங்கும் முன், சுவரைப் பெருக்குவதற்கு முன், பத்து நிமிடம் கொடுங்கள். பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டால் அவையும் இடம் தேடிப் போகும். தாமதித்தால் கரிச்சான் வந்து வரிசையாகக் கொத்திவிடும், அதற்கும் அந்தச் சுவர் பழகிப்போயிற்று.

உலகமெங்கும் ஜூலைக் கடைசியில் அந்து வாரம் கொண்டாடுகிறார்கள். அப்போது நம் மலையில் குடைகூட நிற்காது. நான் மழை ஓய்ந்ததும் வருகிறேன், வெள்ளை வேட்டி ஒன்றும் கொண்டுவருகிறேன். அந்துகள் வந்து உட்கார, அதை வராந்தாவில் விளக்குக்கு முன்னால் எந்தப் பக்கம் கட்டலாம் என்று பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
வரிசையில் எப்போதும் கடைசியாக வருபவன்